பல்லுக்குச் சி.பி.டி. எண்ணெய் வாங்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். உறிஞ்சுகுழாயைப் பிடிப்பது, சிமெண்ட் குழைப்பது, பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது, இதெல்லாம் என் வேலை. முன்பு நாற்காலியில் உட்கார்ந்தவுடன் "ஊசி வலிக்குமா" என்று கேட்பார்கள். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. "சி.பி.டி. எண்ணெய் பல்வலிக்கு நன்றாகக் கேட்குமாமே, உண்மையா?" சி.பி.டி. என்பது கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத ஒரு பொருள். சிலர் அந்த எண்ணெயை ஏற்கெனவே வாங்கிவிட்டு, புட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியபடியே கேட்கிறார்கள்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. வலிக்குப் பயன் இருக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரமே வந்திருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் கொடுத்த அளவுக்கும் நம் கடையில் கிடைக்கிற புட்டிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அது தெரியாமல் வாங்கினால் பணம் போகும், சில சமயம் பல்லும் போகும். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒன்று போனது.

பெரியம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. நான் இதே தொழிலில் இருந்தும் என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் பிடுங்க இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று பயம். சனிக்கிழமைச் சந்தையில் மேசை போட்டு விற்ற ஒருவரிடம் பச்சைப் புட்டி ஒன்றை வாங்கிவந்து, பஞ்சில் நனைத்துக் காலையும் இரவும் பல்லின் மேல் வைத்துக்கொண்டிருக்கிறார். பத்து நாளில் வலி நின்றுவிட்டது. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் அந்த எண்ணெயின் பெருமையைச் சொன்னார். அதற்கடுத்த புதன்கிழமை இரவு கன்னம் வீங்கிக் கண்ணுக்குக் கீழே வரை ஏறி, வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காமல், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

வலி நின்றது எண்ணெயால் அல்ல, பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதால். நரம்பு செத்தால் வலி போகும், கிருமி போகாது. அது வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். அப்புறம் அந்தப் புட்டியை வாங்கி லேபிளைப் படித்தேன். முன்பக்கம் பெரிய இலைப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் "ஹெம்ப் விதை எண்ணெய்", அதாவது கஞ்சாச் செடி வகையின் விதையைப் பிழிந்த எண்ணெய். சி.பி.டி. என்ற பேச்சே அதில் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்கள் இந்த வரிசையிலேயே போங்கள், ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்க வேண்டாம்.

முதல் படி, வலி எந்த வகை என்று பாருங்கள்

எண்ணெயைத் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று வந்து, தண்ணீர் போனதும் தானும் போய்விடுகிற வலி பெரும்பாலும் சின்னச் சொத்தை, அல்லது ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவது. அடைத்தால் சரியாகிவிடும். சூடான டீ குடித்தபின் நெடுநேரம் நிற்கிற வலி, இரவில் தலை சாய்த்தால் நாடி துடிப்பதுபோல் துடிக்கிற வலி என்றால் உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு ரூட் கெனால் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லை எடுக்க வேண்டும். சொட்டு மருந்து எதுவானாலும் அந்தக் கதவைத் திறக்காது. கடித்தால் மட்டும் வலிக்கிறது என்றால் வேர்நுனியில் சீழோ பல்லில் விரிசலோ இருக்கலாம்.

காலையில் எழும்போதே தாடை இறுகி, காதுக்கு முன்னால் வலித்து, கொட்டாவி விட்டால் களுக் என்று சத்தம் வருகிறவர்கள் வேறு வகை. அது பல் அல்ல, தாடை மூட்டும் தசையும். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறவர்களுக்கு வருவது. சி.பி.டி.யைப் பற்றி யோசிக்க நியாயமான காரணம் உள்ள கூட்டம் இதுதான். கீழே சொல்கிறேன்.

வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவினால், காய்ச்சல் அடித்தால், வாய் திறக்காவிட்டால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், விடியும் வரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே ஆஸ்பத்திரி. தாடைக்கு அடியில் பரவும் பல் சீழ் மூச்சுக்குழாயை அடைத்து ஆளைக் கொல்லக்கூடியது.

இரண்டாவது, இது என்ன பொருள்

கஞ்சாச் செடியில், அதாவது இங்கே எல்லோரும் டகா என்று சொல்கிற செடியில், சி.பி.டி. குடும்பத்துப் பொருள்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. போதை தருவது டி.எச்.சி. சி.பி.டி., அதாவது கன்னாபிடியால், போதை தராது. 1940ல் பிரித்தெடுத்தார்கள், 1963ல் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் அது பல இடங்களைத் தொடுகிறது. அதில் ஒன்று, மிளகாய்க் காரத்தை நமக்கு உணர்த்துகிற அதே நரம்பு வாசல். அழற்சியைத் தூண்டும் சில பொருள்களையும் குறைக்கிறது. பல்வலிக்குப் பயன்படுமா என்று ஆராய்ச்சியாளர்கள் பார்க்க ஆரம்பித்தது இதனால்தான்.

மருந்தாக இதற்கு உறுதியான இடம் கிடைத்தது வலிப்பு நோயில். குழந்தைகளுக்கு வரும் கடுமையான இரண்டு வகை வலிப்புக்கு 2018ல் அமெரிக்காவில் சுத்திகரித்த சி.பி.டி. திரவம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். பல்லுக்கென்று அப்படி அனுமதி பெற்ற சி.பி.டி. மருந்து இல்லை.

ஹெம்ப் விதை எண்ணெய் வேறு, சி.பி.டி. எண்ணெய் வேறு. விதையைப் பிழிந்தால் வருவது சமையல் எண்ணெய் மாதிரி, சாலட்டில் ஊற்றலாம், அதில் சி.பி.டி. இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். சி.பி.டி. பூவிலிருந்தும் இலையிலிருந்தும் எடுப்பது. இரண்டு புட்டியிலும் ஒரே இலைப் படம் போடுவதால்தான் பெரியம்மா மாதிரி ஆட்கள் ஏமாறுகிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

மூன்றாவது, எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை

கடுமையான பல்வலிக்கு நேரடியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அமெரிக்காவில் நடந்தது, 2024ல் வெளிவந்தது. மிதமானதிலிருந்து கடுமையானது வரை பல்வலியோடு வந்த 61 பேர். ஒரு பகுதிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், இன்னொரு பகுதிக்கு 20 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். ஒரே ஒரு வேளை. மூன்று மணி நேரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சி.பி.டி. குடித்தவர்களுக்கு மூன்றாவது மணி நேரத்தில் வலி 73 சதவீதம் வரை குறைந்தது, கடிக்கும் பலமும் கூடியது. அதிக அளவு குடித்தவர்களுக்குக் கால் மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி போன்ற தொல்லைகளும் இருந்தன. உண்மையிலேயே நம்பிக்கை தரும் ஆய்வு. ஆனால் அதில் யாருடைய சொத்தையும் ஆறவில்லை, ஆறும் என்று அவர்கள் சொல்லவும் இல்லை.

தாடைத் தசைக்கு போலந்தில் 2019ல் ஒரு ஆய்வு. 60 பேர். பாதிப் பேர் சி.பி.டி. கலந்த களிம்பையும் பாதிப் பேர் வெறும் களிம்பையும் கன்னத் தசையின் மேல் 14 நாள் தடவினார்கள். சி.பி.டி. கூட்டத்துக்கு வலி 70 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்குப் பத்துக்கும் கீழே. தசையின் இறுக்கமும் தணிந்ததை அளந்து பார்த்தார்கள். இது சின்ன ஆய்வுதான், இருந்தாலும் மேலே தடவுவதால் உடம்புக்குள் போகிற அளவு குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு. பல்லைக் கடிக்கிறவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

வாய்ப்புண்ணுக்கும் ஓரளவு நம்பிக்கை உண்டு. அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களுக்குத் தாய்லாந்தில் 0.1 சதவீதம் சி.பி.டி. கலந்த மருந்தைத் தடவிப் பார்த்து, புண் சீக்கிரம் சுருங்குகிறது என்று 2023ல் எழுதினார்கள். ஈறு நோய்க்கு இருப்பது எலியில் செய்த ஆய்வு. 2009ல் பிரேசிலில் செய்தார்கள், பல்லைச் சுற்றியுள்ள எலும்பு கரைவது குறைந்தது. எலிக்கு நல்லதானது மனுஷனுக்கும் நல்லதாகலாம், ஆகாமலும் போகலாம். பல்லில் படியும் கறைக் கிருமியைக் கொல்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் ஆய்வகத் தட்டில் செய்தவை, மனுஷ வாயில் அல்ல.

பல் டாக்டரிடம் போகப் பயப்படுகிறவர்கள் அதிகம் கேட்பது பதற்றத்துக்கு. பிரேசிலில் ஆண்களை மேடையில் பேச வைத்து 150, 300, 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, 300 மட்டும்தான் பதற்றத்தைக் குறைத்தது, அதிகமாகக் கொடுத்த 600 குறைக்கவில்லை. கூடக் கொடுத்தால் கூடப் பயன் என்கிற கணக்கு இதில் செல்லாது. அது மேடை, பல் நாற்காலியும் அல்ல.

நான்காவது, புட்டியோடு கணக்குப் போடுங்கள்

இந்தப் படியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 2020 மே மாதம் அரசிதழில் வந்த விதிப்படி, சீட்டில்லாமல் கடையில் விற்கிற சி.பி.டி. பாக்கெட் ஒன்றில் 600 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு நாளைக்கு எடுக்கச் சொல்லும் அளவு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதற்கு மேலே போனால் டாக்டர் சீட்டு வேண்டும்.

இப்போது அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பல்வலி ஆய்வில் கொடுத்த குறைந்த அளவு, கிலோவுக்குப் பத்து. அறுபது பத்து அறுநூறு. அதாவது கடையில் ஒரு மாதத்துக்கென்று விற்கிற புட்டி முழுவதையும் ஒரே மடக்கில் குடித்தால்தான் அந்த ஆய்வில் ஒருவேளைக்குக் கொடுத்த அளவு வரும். நாளைக்கு 20 மில்லிகிராம் எடுத்துவிட்டு அந்த ஆய்வின் பலனை எதிர்பார்ப்பது, ஒரு அண்டா குழம்புக்கு ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு ருசி பார்ப்பது மாதிரி. அதற்காகப் புட்டியைக் கவிழ்த்துக் குடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. அங்கே கொடுத்தது மருந்துத் தரத்தில் செய்த திரவம், ஆட்களை முன்கூட்டியே சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள், டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். வீட்டில் அப்படி யாரும் இல்லை.

அப்புறம் சொட்டுக் கணக்கு. 30 மில்லிலிட்டர் புட்டியில் 600 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 20. ஒரு மில்லிலிட்டர் ஏறக்குறைய இருபது சொட்டு. ஆகவே ஒரு சொட்டில் ஒரு மில்லிகிராம். அதே 600 மில்லிகிராம் 10 மில்லிலிட்டர் சின்னப் புட்டியில் இருந்தால் ஒரு சொட்டில் மூன்று மில்லிகிராம். "அக்கா அஞ்சு சொட்டு போடுகிறாள், நானும் அஞ்சு சொட்டு போடுகிறேன்" என்றால் அக்காவுக்கு ஐந்து, உங்களுக்குப் பதினைந்து. சதவீதத்தில் எழுதியிருந்தால், ஐந்து சதவீதம் என்பது ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 50 மில்லிகிராம். வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்னச் சீட்டில் "ஒரு சொட்டு இத்தனை மில்லிகிராம்" என்று எழுதிப் புட்டியில் ஒட்டிவிடுங்கள்.

ஐந்தாவது, வாங்கும் இடமும் லேபிளும்

சட்டத்தை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன். 2018 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், வயது வந்தவர்கள் தனியிடத்தில் சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பதும் வளர்ப்பதும் குற்றமல்ல என்றது. 2024 மே மாதம் அதற்கான சட்டத்தில் ஜனாதிபதி ராமபோசா கையெழுத்திட்டார். அது சொந்த உபயோகத்துக்கு மட்டும், சந்தையில் மேசை போட்டு விற்க அல்ல. கடையில் விற்கிற சி.பி.டி. எண்ணெய் மருந்து விதிகளுக்குக் கட்டுப்பட்டது, அதைப் பார்த்துக்கொள்வது சாப்ரா என்று சொல்லும் மருந்து ஒழுங்குமுறை ஆணையம்.

கெமிஸ்டில் வாங்குங்கள். பக்கத்தில் மருந்தாளர் நிற்பார், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளைப் பற்றி அவரிடமே கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது. லேபிளைக் கையில் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். மொத்தம் எத்தனை மில்லிகிராம் சி.பி.டி. என்று எழுதியிருக்க வேண்டும். வெறுமனே "ஹெம்ப் சாறு 1000" என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள், அந்த ஆயிரம் எதன் ஆயிரம் என்றே தெரியாது. தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர், இருக்க வேண்டும், அதே எண்ணுக்கு ஆய்வகச் சான்று கேட்டால் தர வேண்டும். பல கம்பெனிகள் கியூஆர் கோடு போட்டிருக்கும், அதை நின்ற இடத்திலேயே தட்டிப் பாருங்கள். சான்றில் சி.பி.டி. எவ்வளவு, டி.எச்.சி. எவ்வளவு என்று இரண்டும் இருக்கும்.

சீட்டில்லாமல் விற்கும் சி.பி.டி. பொருள், ஒரு நோயின் பெயரைச் சொல்லி அதைக் குணமாக்கும் என்று எழுதக் கூடாது. "ஈறு நோயைக் குணப்படுத்தும்", "சொத்தையை ஆற்றும்" என்று லேபிளில் இருந்தால் அந்தக் கம்பெனி விதியை மீறுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இதைவிட எளிதான சோதனை இல்லை. பதிவு பெறாத பொருளாக இருந்தால், ஆணையம் இதன் தரத்தையோ பாதுகாப்பையோ மதிப்பிடவில்லை என்ற வாசகம் இருக்க வேண்டும். அந்த வாசகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இல்லாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களை வாங்கிச் சோதித்து 2017ல் எழுதினார்கள். லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தது 26ல்தான். 18ல் டி.எச்.சி. இருந்தது. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கிற, சிறுநீர்ச் சோதனை வைக்கிற இடங்களில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. அவர்கள் டி.எச்.சி. அறவே இல்லை என்று சான்று காட்டுகிற புட்டியைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது.

ஆறாவது, மற்ற மருந்துகளோடு சேருமா

கல்லீரல் பல மருந்துகளை உடைத்து வெளியே அனுப்புகிறது. சி.பி.டி. அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் சிலவற்றைத் தடுக்கும். அப்போது மற்ற மருந்து உடம்பில் தங்கி, நீங்கள் ஒரு மாத்திரை போட்டாலும் இரண்டு போட்டதுபோல் ஆகலாம். பல் விஷயத்தில் நான் முதலில் பயப்படுவது வார்ஃபரினுக்கு. இதய வால்வு மாற்றியவர்கள், ரத்தக்கட்டி வந்தவர்கள் போடும் மாத்திரை. அதோடு சி.பி.டி. சேர்ந்தால் ரத்தம் உறைகிற நேரம், அந்த ஐ.என்.ஆர். அளவு, ஏறிவிடக்கூடும். பல் பிடுங்கியபின் எவ்வளவு பஞ்சு வைத்துக் கடித்தாலும் நிற்காமல் ரத்தம் கசியும். நம் வீடுகளில் தாத்தா பாட்டிமார் எத்தனை பேர் வார்ஃபரின் போடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வலிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, உறுப்பு மாற்றியவர்கள் போடும் மாத்திரை, இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மாத்திரைப் பெட்டியில் கிரேப்ஃப்ரூட் பழம் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருந்தால் அதையும் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள் தொட வேண்டாம். பல் முளைக்கிற குழந்தையின் ஈறில் தடவலாமா என்று ஒரு தாய் கேட்டார். கூடாது, ஒரு சொட்டுகூடக் கூடாது.

ஏழாவது, எப்படி எடுப்பது

இத்தனையும் பார்த்துவிட்டு, டாக்டரும் சரி என்று சொல்லியிருந்தால் ஆரம்பிக்கலாம். முதலில் ஐந்து மில்லிகிராம், மாலையில், எங்கும் வண்டி ஓட்டிப் போக வேண்டியிராத நாளில். நாக்கை மேலே தூக்கி அடியில் விட்டு, ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ வைத்திருந்து விழுங்குங்கள். பச்சிலைக் கசப்பு இருக்கும். மூன்று நான்கு நாள் அதே அளவில் இருந்து, தூக்கம், வயிறு, வாய் வறட்சி மூன்றையும் கவனியுங்கள். வாய் வறண்டால் எச்சில் குறையும், எச்சில் குறைந்தால் சொத்தை கூடும், பல்லுக்கென்று எடுத்தது பல்லுக்கே பகையாகிவிடும். தொல்லை இல்லையென்றால் மெல்லக் கூட்டலாம், இருபதைத் தாண்ட வேண்டாம். வெறும் வயிற்றில் எடுப்பதும் நெய் சாப்பாட்டுக்குப் பின் எடுப்பதும் ஒன்றல்ல, கொழுப்போடு சேர்ந்தால் பல மடங்கு அதிகமாக உடம்பில் ஏறும். ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு அதையே தொடருங்கள். மதுவோடு வேண்டாம்.

தாடைத் தசைக்குக் களிம்பு தடவுகிறவர்கள், முதலில் தசை எங்கே என்று கண்டுபிடியுங்கள். காதுக்குக் கீழே, தாடை வளைகிற இடத்துக்குச் சற்று முன்னால் இரண்டு விரலை வைத்துப் பல்லை இறுக்கிக் கடியுங்கள். விரலுக்கு அடியில் ஒரு முடிச்சு புடைத்து எழும், அதுதான். பல்லைத் தளர்த்திவிட்டு, அந்த இடத்தில் வட்டமாகத் தேயுங்கள். புதுக் களிம்பை முதல் நாள் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, மறுநாள் தடிப்போ அரிப்போ இல்லையென்று பார்த்தபிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள். இரவில் பல்லைக் கடிக்கிறவர்கள் டாக்டரிடம் பல்மேல் மாட்டும் கடிப்புத் தகடு செய்துகொள்ளாமல் களிம்பை மட்டும் நம்பினால் பல் தேய்வது நிற்காது.

சொத்தைக் குழிக்குள் எண்ணெயை ஊற்றிப் பஞ்சு அடைக்காதீர்கள். தலைவலிப் பவுடரையும் ஈறில் வைக்காதீர்கள், அதிலுள்ள ஆஸ்பிரின் ஈறைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும், வாரத்துக்கு ஒருவரையாவது அந்த வெள்ளைப் புண்ணோடு பார்க்கிறேன். டாக்டரிடம் போகும் வரை வலி தாங்க, ஒத்துக்கொள்கிறவர்களுக்கு ஐபுபுரோஃபன், பாரசிட்டமால் போன்ற பழைய மாத்திரைகள்தான் இன்றைக்கும் முன்வரிசை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஐபுபுரோஃபனுக்கு முன் மருந்தாளரைக் கேளுங்கள்.

சி.பி.டி. கலந்த பேஸ்ட் வாங்கினால் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். இயற்கை என்று சொல்லி விற்கும் பல பேஸ்ட்டுகளில் அது இருக்காது. சொத்தையைத் தடுப்பது ஃபுளோரைடு, பத்து லட்சத்தில் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு பங்கு என்ற அளவில். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பாட்டி சொன்னது குச்சியால் தினமும் தேய்த்த காலத்தில், இத்தனை சர்க்கரையும் கோலாவும் வீட்டுக்குள் வராத காலத்தில். சி.பி.டி. கலந்த ஜெல்லி மிட்டாய் பக்கமே போகாதீர்கள். சர்க்கரையும் ஒட்டும் பசையும் சேர்ந்து பல்லிடுக்கில் உட்கார்ந்துவிடும்.

எட்டாவது, பல் டாக்டரிடம் போகும் நாள்

மறைக்காதீர்கள். எங்கள் நாற்காலியில் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம், யாரும் போலீஸைக் கூப்பிடப் போவதில்லை. ஒரு காகிதத்தில் புட்டியின் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம், கடைசியாக எடுத்த நேரம், மற்ற மாத்திரைகளின் பெயர் எல்லாம் எழுதிக் கொண்டுவாருங்கள், புட்டியையே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. மயக்கம் கொடுத்துப் பல் எடுப்பதாக இருந்தால் இது மிக முக்கியம், தூக்கம் தரும் மருந்தும் சி.பி.டி.யும் ஒன்றையொன்று கூட்டும். பயத்தைப் போக்க அன்று காலை டகா புகைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அதில் டி.எச்.சி. இருப்பதால் ஏற்கெனவே இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும், மரத்துப்போக வைக்கும் ஊசியிலுள்ள அட்ரினலின் அதை இன்னும் வேகப்படுத்தும். அப்படி வந்திருந்தால் சொல்லுங்கள், வேறொரு நாள் கொடுப்போம்.

பல் எடுத்தபின், குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் புண்ணுக்கு மூடி. முதல் நாள் எதையும் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள், புகைக்காதீர்கள், நல்லெண்ணெய்க் கொப்பளிப்புப் பழக்கம் உள்ளவர்கள் அதையும் நிறுத்திவையுங்கள், டிராப்பரை அந்தக் குழிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கட்டி கழன்றுவிட்டால் எலும்பு காற்றில் திறந்துகிடக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் காது வரை ஏறுகிற ஒரு வலி வரும், வாயில் கெட்ட வாடை அடிக்கும். அப்படி வந்தால் எந்தப் புட்டியையும் தேடாமல் நேரே எங்களிடம் வந்துவிடுங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்று மாலைக்குள் வலி இறங்கிவிடும்.